வேகவைத்த காப்பியும் ஒரு படிப் பழமும்

முதலில் ஒரு திருத்தம். சென்ற மாதம் சேலத்தில் ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்: டாக்டர் காலமான ஒன்றரை வருஷத்தில், கொல்லிமலையில் அவர் வாங்கிப் போட்ட நிலத்தைக் கேட்டு அந்தம்மா தனியாகப் போய்க் களத்தில் நின்று சண்டை போட்டவராம். சொன்ன பெண்மணி அப்போது பிறந்திருக்கவே மாட்டார். என் கணவர் மலையில் ஒரு சென்ட் நிலம்கூட வாங்கவில்லை. வாங்காத நிலத்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. தனியாகப் போனது உண்மை. களத்தில் குரல் உயர்ந்ததும் உண்மை. உயர்ந்தது என் குரல் அல்ல. நான் போனது ஒரு டம்ளர் காப்பிக்காக.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் மூன்று பேர், சேலம் நாமக்கல் பக்கம் காப்பி விளையும் இடங்களைப் பார்க்கப் போவதாகவும், யோசனை சொல்லும்படியும் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாகவும், கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பதிலாகவும் இதை எழுதுகிறேன். நேரமும் கட்டணமும் அன்று என் டைரியில் எழுதியவை. கட்டணத்தை இன்று நம்பாதீர்கள். தூரத்தை நம்பலாம்.

என் கணவர் கால்நடை மருத்துவர். 1975 முதல் ஐந்து வருஷம் நாமகிரிப்பேட்டையில் வேலை. மகனின் படிப்புக்காக நானும் அவனும் சேலத்தில் அஸ்தம்பட்டி வீட்டில் இருந்தோம்; அவர் சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடியற்காலை போய்விடுவார். கொல்லிமலைக்கு மாடுகளுக்குத் தடுப்பூசி போட ஏறுவார். அங்கே சடையன் என்கிற விவசாயியின் உழவு மாட்டை ஒரு மழைக்காலத்தில் பிழைக்க வைத்தார். அந்தப் பழக்கத்தில், 1977 ஆடியில், ஏற்காட்டு நாற்றுப் பண்ணையிலிருந்து முந்நூறு அராபிகா நாற்று வாங்கிக்கொண்டுபோய்ச் சடையன் நிலத்தில் சடையனோடு சேர்ந்து நட்டார். நிலம் சடையனுடையது, செடி சடையனுடையது, விளைச்சலும் சடையனுக்கு. முதல் பறிப்பில் ஒரு டம்ளர் காப்பிக்கு ஆகிற கொட்டை மட்டும் எனக்கு. அதுதான் பேச்சு.

ஏன் எனக்கு என்றால், நான் ஏற்காட்டில் கான்வென்ட்டில் தங்கிப் படித்தவள். பள்ளியின் பின்சரிவில் காப்பித் தோட்டம். சித்திரை மழைக்குப் பின் ஒரே நாளில் பூக்கும். வகுப்பறை ஜன்னலை மூடினால்தான் பாடம் நடத்த முடியும், அவ்வளவு வாசனை. சனிக்கிழமைகளில் கொட்டை பொறுக்க விடுவார்கள். என் தட்டில் கெட்டுப்போன கறுப்புக் கொட்டை ஒன்று தப்பியிருந்தாலும் சிஸ்டர் ஸ்கேலால் விரல் கணுவில் தட்டுவார். தப்பியது குறைவு. இதையெல்லாம் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அவரிடம் சொன்னேன். சேலத்தில் குடிக்கிற காப்பியில் அந்தக் காப்பி இல்லை என்றும் சொன்னேன். இருபது வருஷம் கழித்து நாற்று வாங்கப் போனார்.

இப்போது காப்பிப் பையில் தோட்டத்தின் பெயர், உயரம், கழுவிக் காய வைத்ததா பழத்தோடு காய வைத்ததா என்பதெல்லாம் அச்சடித்து விற்கிறார்கள். அன்று அப்படி இல்லை. விளைந்தது எல்லாம் அரசாங்கத்தின் பொதுக் குவியலுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம். மற்றது ஏஜெண்டு லாரியில் ஏறினால் எந்த மலை, எந்தச் சரிவு, யார் நட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. நாம் கடையில் பீபரி என்றும் பிளான்டேஷன் ஏ என்றும் வாங்கியது கொட்டையின் உருவத்தை வைத்து வைத்த பெயர். ஊர் அதில் இல்லை.

செடி காய்க்க நான்கு வருஷம். அவர் மூன்று வருஷம்தான் இருந்தார். 1980 ஆவணியில், ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, பஸ்ஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு.

1982 பொங்கல் முடிந்து நாலாம் நாள், மலைப் பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. சடையன் சொல்ல அவர் எழுதியிருந்தார். பழம் பழுத்துவிட்டது. மலையில் பனி விலகவே பத்து மணி ஆகிறது, காய வைத்தால் பூசணம் பிடிக்கிறது. ஆகவே நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் டாக்டரய்யாவுக்கு வேண்டிய கவுண்டர் களத்துக்கு இறக்குகிறோம். வெள்ளிக்கிழமை ஏஜெண்டு வண்டி வரும். அம்மா அதற்கு முன் வந்து எடுத்துக்கொள்ளவும்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அவர் நட்ட செடியின் முதல் காப்பி, வேறெதுவும் கலக்காமல், ஒரு டம்ளர். வெள்ளிக்கிழமை போய்விட்டால் அது கிடைக்காது.

தை ஏழாம் தேதி, புதன்கிழமை. சேலம் பஸ் நிலையத்தில் காலை 6.40க்கு ராசிபுரம் வண்டி. 27 கிலோமீட்டர், கட்டணம் இரண்டு ரூபாய் பத்துக் காசு. கையில் ஒரு துணிப்பை, உள்ளே மாற்றுப் புடவை, ஒரு மெல்லிய மல் துணி, காலியான ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று. ஊரை விட்டு விலகியதும் சாலையின் இரண்டு பக்கமும் ஜவ்வரிசி ஆலைகளின் களங்கள், சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாக. மரவள்ளி மாவின் புளித்த வாடை மல்லூர் வரை கூடவே வந்தது. கண்டக்டர் சீட்டுக் கொடுக்கும்போது, "ஏனுங்கம்மா, கூட யாரும் வரலீங்களா?" என்றார்.

"வரவில்லை" என்றேன்.

"பாத்துப் போங்க சாமி" என்றார். இருபத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. அந்தப் பக்கத்தில் சின்னவர் பெரியவரையும் பெரியவர் சின்னவரையும் சாமி என்பார்கள். பழகாதவர்கள் திடுக்கிட வேண்டாம்.

7.35க்கு ராசிபுரம். பஸ் நிலையத்து எதிர்ச் சாரியில் ஒரு கிளப்பில் காப்பி, அறுபது காசு. பால் நன்றாக இருந்தது. ராசிபுரத்தில் பாலும் நெய்யும் என்றைக்கும் நன்றாகவே இருக்கும். காப்பியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதி சிக்கரி.

8.10க்கு நாமகிரிப்பேட்டை வண்டி. பத்துக் கிலோமீட்டர், எண்பது காசு. வடக்கே போதமலை, தெற்கே கொல்லிமலை, நடுவே தட்டையான நிலம் முழுக்க மஞ்சள். அந்த மாதம் தழை காய்ந்து அறுவடை தொடங்கும் காலம். பேட்டைக்குள் நுழையும் முன்பே வாசனை வந்துவிடும். அவர் இங்கிருந்து எனக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவார். உறையைக் கிழித்தால் இதே வாசனை வரும். ஆஸ்பத்திரி மருந்து என்று நான் நினைத்திருந்தேன். மருந்துக்கு அந்த வாசனை ஏது என்று அந்த நாளில் எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்து மலைப்பக்கம் ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் 9.30க்கு, ஐம்பது காசு. இறங்கிய இடத்திலிருந்து கவுண்டர் வீடு வரப்பு வழியாக முக்கால் கிலோமீட்டர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கவுண்டர் பெயர் செங்கோடக் கவுண்டர். அறுபதை ஒட்டிய வயது, கறுத்த ஒல்லி மனிதர். களத்தின் ஓரத்தில் மூன்று கல் கூட்டி, மஞ்சள் வேகவைக்கிற பெரிய கொப்பரை; அதன் கீழே நெருப்பு அணைந்து சாம்பல். என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டு தலைத்துண்டை அவிழ்த்தார்.

"வாங்க சாமி, வாங்க. பாவாயி, டாக்டரய்யா ஊட்டம்மா வந்துட்டாங்க. மோர் கொண்டா."

"காப்பி எங்கே?" என்று கேட்டேன். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"நம்ம களத்துலதானுங்க. எங்க மஞ்சளைக்கூட ஓரங்கட்டிட்டு மொத எடம் அதுக்குத்தான் குடுத்தேன். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஒன்றரை மூட்டைப் பழம். பனம்பாயில் நன்றாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல், பரப்பியிருந்தது. காப்பிப் பழம் காயும்போது முதலில் கருஞ்சிவப்பாகும், பிறகு கறுக்கும். இது இரண்டுமில்லை. உப்பிப்போய், தோல் வெடித்து, தேய்ந்த பித்தளை நிறத்தில் இருந்தது. ஒன்றை எடுத்து நசுக்கினேன். உள்ளே கொட்டை ஊறவைத்த மொச்சை போல வழுக்கிக்கொண்டு வந்தது. முகர்ந்தேன். மஞ்சள்.

"இது என்ன நிறம்?"

"வெந்த நெறமுங்க" என்றார் கவுண்டர், நிறைவாக. "பச்சையாப் போட்டா உள்ள புழு உழுகுமுங்க, நெறமும் நிக்காது. மஞ்சளுக்கே முக்கா மணி நேரம் வேணும். இது பொடிக் கொட்டை, அரை மணியில எறக்கிட்டேன். டாக்டரய்யா பொருளுங்க. ஆளுக கையில உடலை. நானே நின்னு வேக வெச்சேன்."

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். குட்டையான, அகன்ற தோள் கொண்ட மனிதர். அவர்தான் சடையன், அதுவரை நான் பார்த்ததில்லை. "டாக்டரம்மா, நான் மூட்டைய எறக்கி வெச்சுட்டுப் பேட்டைக்கு மருந்து வாங்கப் போனேன். ரெண்டே மணி நேரம். திரும்பி வந்தா ஆவி பறக்குது" என்றார்.

"ஏப்பா சடையா, காய வெக்கணும்னு நீதானே சொன்னே?"

"காய வைங்கன்னேன். அவிச்சு வைங்கன்னேனா?"

"அவிக்காம எதையப்பா காய வெப்பாங்க?"

"மொளகாய அவிச்சுத்தான் காய வெக்கறீங்களா கவுண்டரே?"

கவுண்டர் குரலை உயர்த்தினார். "மொளகாயும் இதுவும் ஒண்ணா? அது செடியில காய்க்குது."

"இது என்ன கெழங்கா? இதுவுந்தான் செடியில காய்க்குது." சடையன் குரல் அதைவிட உயர்ந்தது. களத்தில் மஞ்சள் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கல்யாண வீடு வரைக்கும் வந்து சேர்ந்த சண்டை இதுதான்.

மோரோடு வந்த கவுண்டர் மனைவி பாவாயியம்மாள் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, "உட்டிருந்தா கண்ணாலத்துக்கு முன்னால என்னையும் ஒருக்கா வேக வெச்சிருப்பாருங்க" என்றார்.

"நீ எந்தக் கொப்பரையில போட்டாலும் வேகமாட்டே" என்றார் கவுண்டர். பெண்கள் சிரித்தார்கள். சடையனும் சிரித்தார். கவுண்டர் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏனுங்க சாமி, தப்புங்களா?"

நான் எதையும் பூசி மெழுகிச் சொல்கிறவள் இல்லை. "கவுண்டரே, காப்பிக் கொட்டை பச்சையாகக் காய வேண்டும். வெந்தால் உள்ளே இருப்பது போய்விடும். வறுத்தாலும் மணக்காது. இது இனிக் காப்பி ஆகாது."

"ஒரு மூட்டை கூடவா தேறாதுங்க?"

"ஒரு டம்ளர்கூடத் தேறாது."

இதற்கு மேல் சொல்ல ஐந்து வாக்கியங்கள் வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது தயாரித்தவை அல்ல; அந்தப் பாய்க்கு முன்னால் நின்றபோது வரிசையாக வந்தவை. நல்ல வாக்கியங்கள், இன்றும் நினைவிருக்கின்றன. கொப்பரைப் பக்கம் பார்வை போனதால் அவற்றைச் சொல்லவில்லை. கொப்பரையின் வாயை மூட மஞ்சள் தழையைப் புதிதாக அறுத்து அடுக்கியிருந்தார்கள். கல்லில் குங்குமம், ஒரு உடைத்த தேங்காய் மூடி. வருஷத்தின் முதல் வேக்காட்டுக்குத்தான் தேங்காய் உடைப்பார்களாம். அதை இவர் காப்பிக்கு உடைத்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் புகையில் நின்றிருக்கிறார். யாருக்காக நின்றார் என்று எனக்குத் தெரியும்.

மோரைக் குடித்து முடித்தேன். சேலத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"நில்லுங்கம்மா" என்றார் சடையன். "நுனிக் கொப்புல நாலு பழம் நிக்குது. பறிக்கறப்ப செங்காயா இருந்துச்சு, உட்டுட்டு வந்தேன். இன்னைக்குப் பழுத்திருக்கும். ஒரு படி தேறும்."

"எப்போது கொண்டுவர முடியும்?"

"இப்பக் கெளம்பினா இருட்டறதுக்குள்ள மேல. விடிஞ்சதும் பறிச்சா பத்து பத்தரைக்கு இங்க."

"அடிவாரம் வரைக்கும் என்ற சைக்கிள எடுத்துட்டுப் போ" என்றார் கவுண்டர். அதுவரை அந்தச் சைக்கிளை அவர் மகனுக்குக்கூடக் கொடுத்ததில்லை என்று பாவாயியம்மாள் பிறகு சொன்னார்.

ஆக, அன்று நான் தங்கினேன். பிறர் வீட்டில் தங்குவது எனக்கு வழக்கமில்லை. கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, தயிர். மிக நன்றாக இருந்தது. அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். மாலையில் பாவாயியம்மாள் மாட்டுக் கொட்டகை ஓரத்திலிருந்த ஒரு கயிற்றுக் கட்டிலைக் காட்டினார்.

"புதங்கெழமையானா இங்கதானுங்க வருவாரு. எருமைக்கு ஊசி போட்டுட்டு இந்தக் கட்டில்ல உக்காந்து கடுதாசி எழுதுவாரு. யாருக்குங்கன்னு ஒருக்கா கேட்டேன். எங்க ஊட்டு இன்ஸ்பெக்டருக்குங்கன்னாரு."

இன்ஸ்பெக்டர் யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து மலையின் முழு முகப்பும் தெரிகிறது. சடையன் நிலம் அதன் பின்னால் எங்கோ. என் கணவர் தம் கடிதங்களில் செடி ஒரு அடி, செடி முழங்கால், செடி இடுப்பு என்று எழுதியிருப்பார். நான் பதிலில் நிழல் போதுமா, இடைவெளி எத்தனை அடி என்று கேட்டிருப்பேன். நேரில் வந்து பார்க்கிறேன் என்று ஒரு கடிதத்திலும் நான் எழுதவில்லை. அவரும் கூப்பிடவில்லை. காய்த்த பிறகு போகலாம் என்று இருவரும் நினைத்திருந்தோம்.

மறுநாள் வியாழக்கிழமை, 10.50க்குச் சடையன் வந்தார். வேட்டி முனையில் முடிந்து ஒரு படிப் பழம், எல்லாம் ஒரே சிவப்பு. இனி அதைக் கெடாமல் பார்க்க வேண்டியது என் பொறுப்பு.

காப்பிக்கு ஒரு குணம் உண்டு: பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மணத்தை இழுத்துக்கொள்ளும். அந்த வீட்டில் பானை, முறம், கிணற்றுக் கயிறு, கதவு நாதாங்கி எல்லாவற்றிலும் மஞ்சள். ஒரு மண்பானை புதிதாக வாங்கிவரச் சொன்னேன். கவுண்டரே போய் வாங்கிவந்தார். தண்ணீரில் பழத்தைக் கொட்டி, மிதந்ததை ஒதுக்கினேன். பாவாயியம்மாள் உதவ உட்கார்ந்தார். அவர் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டார். உள்ளங்கை ரேகையெல்லாம் மஞ்சள், முகத்தில் காலையில் பூசிய மஞ்சள். கவுண்டர் கையும் அப்படியே, களத்துப் பெண்கள் கையும் அப்படியே. சடையன்கூட முந்தின நாள் மஞ்சள் மூட்டை தூக்கியவர்.

"எங்க ஊட்டுல மஞ்சக் கை இல்லாத ஆளே இல்லீங்களே" என்று சொல்லத் தொடங்கிய பாவாயியம்மாள் பாதியில் நிறுத்திவிட்டார்.

மஞ்சள் படாத கை அங்கே என்னுடையது ஒன்றுதான். பதினேழு மாதமாக நான் மஞ்சள் தொடவில்லை. ஏன் என்று அந்தக் களத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு படிப் பழத்தையும் நானே பிதுக்கினேன். இரண்டு விரலால் அழுத்தினால் தோலிலிருந்து இரட்டைக் கொட்டை வழுக்கி விழும். ஒரு மணி இருபது நிமிஷம் ஆயிற்று. ஒருவரும் கிட்டே வரவில்லை. கவுண்டர் பத்தடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆடு ஈனுவதைப் பார்க்கிறவர் போல நின்றார். பாவாயியம்மாள் என் முகத்தின்மேல் வெயில் விழாதபடி தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் சில நிமிஷம் வேண்டாம் என்றேன். பிறகு சொல்லவில்லை.

மதியம் 1.15 பஸ்ஸில் கிளம்பினேன். பானை என் மடியில், வாயில் மல் துணி கட்டி. பிதுக்கிய கொட்டையின் வழுவழுப்பு போக, தண்ணீர் ஊற்றாமல் புளிக்க வேண்டும். மலையில் ஒன்றரை நாள் பிடிக்கும், சமவெளி வெக்கையில் பதினெட்டு மணி நேரம் போதும். வெள்ளி காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டி வீட்டில் கழுவினேன். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கூழாங்கல் போலக் கரகரவென்று சத்தம் வர வேண்டும். வந்தது. முதல் நாள் நிழலில், பிறகு மொட்டை மாடி வெயிலில், மல் துணிமேல், அரை மணிக்கொரு முறை கிளறி, ஒன்பது நாள். பல்லால் கடித்தால் தடம் விழாத பதம். உரலில் மெதுவாகக் குத்தித் தோல் புடைத்தேன். நிறுத்தபோது நூற்று எழுபது கிராம். கறுப்புக் கொட்டை ஏழு, எடுத்துவிட்டேன்.

இரும்பு வாணலியில் வறுத்தேன். கொட்டை படபடவென்று ஒரு முறை வெடித்து அடங்கியதும் இறக்கினேன். மறுநாள் காலை 5.45க்கு அரைத்து, பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கி, முதல் டம்ளரைப் பால் இல்லாமல் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காப்பியைப் பற்றி முதலில் சொல்கிறேன். புளிப்பு தூக்கல், நாரத்தையின் புளிப்பு. கசப்பு குறைவு. விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கம் வெல்லப்பாகு போல ஒன்று தங்கியது. திடம் போதாது, தண்ணீர்த்தன்மை. இளஞ்செடியின் முதல் காய்ப்பு அப்படித்தான் இருக்கும். ஏற்காட்டுக் காப்பி போல இல்லை. அதைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன். வேறு மலை, வேறு காப்பி.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அந்த டம்ளரில் அவர் இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒன்றரை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதே டம்ளர் காலியான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதில் காப்பி இருந்தது. நல்ல காப்பி. புளிப்பு தூக்கல் என்று சொன்னால், "இன்ஸ்பெக்டர் எத்தனை மார்க் போட்டார்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். எதிர் நாற்காலியைப் பார்த்து அறுபத்தைந்து என்று வாய்விட்டுச் சொன்னேன். எழுபது கொடுத்திருக்கலாம்.

பதினொரு நாள் வந்தது. கடைசி நாள் அரைத்த தூளைத் தட்டிய காகிதத்தைக்கூட மடித்து வைத்தேன்.

பிறகு நடந்தது: ஏஜெண்டு அந்த ஒன்றரை மூட்டையைத் தொடவில்லை. சடையனுக்குக் கவுண்டர் அதற்கு ஈடாக மஞ்சள் கொடுத்தார். வெந்த காப்பியைக் குப்பையில் கொட்ட மனமில்லாமல், காய வைத்து வறுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஒரு வருஷம் முழுக்கக் காலையில் அதையேதான் குடித்தாராம். "நல்லாத்தானிருக்குது" என்று சொல்லிக்கொண்டே குடிப்பாராம். பாவாயியம்மாள் ஒரு கடிதத்தில் எழுதச் சொல்லியிருந்தார். அடுத்த வருஷங்களின் பறிப்பு எல்லாம் மலையிலிருந்தே ஏஜெண்டுக்குப் போய்விட்டது. வாத்தியார் மாற்றலானதும் 1985இல் கடிதம் நின்றது. நான் மகனோடு கோயம்புத்தூர் வந்துவிட்டேன். அந்தச் செடிகளை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு யோசனை. பழம் பார்க்க வேண்டுமானால் மார்கழி, தை. பூ பார்க்க வேண்டுமானால் சித்திரை மழைக்குப் பிறகு எட்டாம் ஒன்பதாம் நாள். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் பிரயோஜனமில்லை. நடந்து ஏறுகிறவர்கள் காலை ஏழுக்குள் அடிவாரத்தை விடுங்கள்; ஏற நான்கு மணி நேரம், இறங்க இரண்டரை. தண்ணீர் கொண்டுபோங்கள். மலைக்காரர்களிடம் காப்பி வாங்கினால் எப்படிக் காய வைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதே பையில் மிளகும் மஞ்சளும் வாங்கிப் போடாதீர்கள். விடுதி, கார், சாப்பாடு பற்றி இப்போது உள்ளவர்களைக் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். முள்ளுக்குறிச்சிப் பக்கத்து நடைபாதையில் ஏறுகிறவர்கள், மேலே முதலில் வரும் ஊரில், உழவு மாடு பிழைத்த சடையன் வீட்டுக்காரர்கள் யார் என்று விசாரியுங்கள். சடையன் இருக்க வாய்ப்பில்லை, பேரன்கள் இருப்பார்கள். சில்வர் ஓக் நிழலில் ஐந்தடி இடைவெளியில் முந்நூறு செடி நட்டது. ஆறடி விட்டிருக்க வேண்டும். அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எத்தனை, இன்னும் காய்க்கின்றனவா, யார் பறிக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம், எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.